பொது மன்றத்துக்குப் போகாத கேள்வி

எங்கள் கல்லூரி வேதியியல் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. மாணவர் எழுதும் எதுவும் துறைத்தலைவர் பார்க்காமல் வெளியே போகக்கூடாது. நான் துறைத்தலைவராக இருந்தவரை அதைக் கட்டிக் காத்தேன். அதனால் ஒரு மாணவிக்கு என்ன நேர்ந்தது என்பதை எழுதிவிடுகிறேன்.

மூலக்கூறுகளைக் கணினியில் கட்டிப் பார்க்கும் மென்பொருளை உருவாக்குகிற குழு ஒன்று, மாணவர்களுக்கு இலவசப் பயிற்சி அறிவித்தது. முதலில் சில வாரங்கள் இணையம் வழியே. அதில் தேறுகிறவர்கள் அவர்கள் ஆய்வகத்திலேயே தங்கி, உதவித்தொகையோடு நிரல் எழுதக் கற்கலாம். எங்கள் துறையிலிருந்து நான்கு பேர் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி நிலக்கோட்டைப் பக்கத்துப் பெண். அப்பா பூ விவசாயி. வீட்டில் கணினி இல்லாததால் கடைசி பஸ் நேரம்வரை துறையின் கணினி அறையிலேயே இருப்பாள். அந்த ஆய்வக இடம் கிடைக்காவிட்டால் மேலே படிக்க வழியில்லை என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

பயிற்சி தந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: மென்பொருளில் தவறு கண்டாலும், சந்தேகம் வந்தாலும், இணையத்தில் எல்லோரும் பார்க்கும் பொது மன்றத்தில் எழுதுங்கள், தேர்வு செய்யும்போது அதையும் பார்ப்போம். எனக்கு அது பிடிக்கவில்லை. நம் பிள்ளைகள் அசட்டுத்தனமாக எதையாவது கேட்டு, அது கல்லூரிப் பெயரோடு அங்கே கிடக்குமே என்று பயந்தேன். கேள்வியை முதலில் எனக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள், நான் சரி என்ற பிறகு போடுங்கள் என்றேன்.

ஒரு மாலை கணினி அறைக்குள் நுழையும்போது சிரிப்புச் சத்தம்.

“ஏப்பா, மேடம் சாப்ட்வேர்லயே தப்பு கண்டுபிடிச்சிட்டாங்க. ஒரு டீ சொல்லுங்கப்பா,” என்றான் கூடப் படித்தவன், அவளைக் காட்டி.

“காசு நீ குடுப்பியா, இல்ல வாயாலதானா?” என்றவள், என்னைப் பார்த்ததும் எழுந்தாள். “சார், மெயில் அனுப்பிருக்கேன். செத்த பாத்துச் சொல்றீங்களா?”

பார்த்தேன். திறந்ததும் நிரல் வரிகள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. “அவசரப்படாதம்மா. இன்னும் கொஞ்சம் யோசி,” என்றேன். அவள் நினைவூட்டும்போதெல்லாம் அதையே சொன்னேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஏன் என்று குழுவுக்கு எழுதிக் கேட்டேன். கொடுத்த வேலைகளை நன்றாகச் செய்தாள், ஆனால் மன்றத்தில் ஒரு வரிகூட எழுதவில்லையே என்று பதில் வந்தது.

அன்றுதான் அவள் மின்னஞ்சலைக் கடைசிவரை படித்தேன். நிரலுக்குக் கீழே ஒரு படம். ஐந்து அணுக்கள் கொண்ட வளையம், அதில் இரண்டு நைட்ரஜன். ஒன்றில் மட்டும்தான் ஹைட்ரஜன் இருக்க வேண்டும். மென்பொருள் இரண்டிலும் ஒட்டியிருந்தது. ஆண்டுதோறும் கரும்பலகையில் நான் வரைந்த வளையம் அது. கீழே நகர்த்திப் பார்த்திருந்தால் அப்போதே சரி என்று சொல்லியிருப்பேன். சோதனையில் தவறான அளவு வந்தாலும் மறைக்காமல் எழுது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன், எனக்குத் தெரியாததை மறைத்தேன். அவளிடமோ, “போட்டி ஜாஸ்திம்மா,” என்று மட்டும் சொன்னேன்.

போன மாதம் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். வேடசந்தூர் பக்கம் நூற்பாலை ஒன்றில், நூலின் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாளாம். என் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் விசாரித்தாள். அவள் ஏற வேண்டிய நிலக்கோட்டை பஸ் இன்னும் வரவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன்.

கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

“அப்ப நான் கண்டுபிடிச்சது சரிதானா சார்?”

“சரிதாம்மா.”

“இம்புட்டு நாளா என்னமோ மொக்கையா கேட்டுட்டேன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்.”

என்னை மன்னித்துவிடு என்றேன்.

“அந்த மெயில் இருக்கா சார்? என் காலேஜ் மெயில மூடிட்டாங்க.”

இருந்தது. தேடி எடுத்து, அவள் சொன்ன முகவரியைப் போட்டேன். மேலே இரண்டு வரி எழுதலாம் என்று தொடங்கியபோது எட்டிப் பார்த்தாள்.

“மேல ஒண்ணும் எழுதாதீங்க சார். அப்படியே அனுப்புங்க.”

எழுதியதை அழித்துவிட்டு அனுப்பினேன்.