ஓட்டும் கேக்கும் கேட்டு அலைந்த டிசம்பர்

வீடு வீடாகப் போய்க் கருத்துக் கேட்கும் வேலை, கணவர் இறந்த பிறகு எனக்குக் கிடைத்தது. துணி சோப்பு, முட்டிவலித் தைலம், மொபைல் ரீசார்ஜ் என்று கம்பெனி எதைக் கேட்கச் சொன்னாலும் கேட்டேன். கையில் ஒரு டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை, தோள்பையில் தண்ணீரும் குடையும். செங்கல்பட்டில் காலையில் பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைப் பக்கம் போய் இறங்கினால், மறுபடி பஸ்ஸில் உட்காரும்வரை நின்றுகொண்டேதான் பேச வேண்டும். யாரும் உட்காரச் சொல்வதில்லை. சொன்னால் அந்த வீட்டை மாலைவரை நினைத்துக்கொண்டிருப்பேன்.

அந்த டிசம்பரில் வந்த கேள்விகள் விசித்திரமாக இருந்தன. முதல் பாதி முழுக்க அரசியல். எந்தத் தலைவரைப் பிடிக்கும், அவருக்குப் பத்துக்கு எத்தனை மார்க், இப்போது தேர்தல் வந்தால் யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள். அதற்கு அடுத்த பாதி கிறிஸ்துமஸ். வீட்டில் ஸ்டார் கட்டுவீர்களா, கேக் வீட்டில் செய்வதா கடையில் வாங்குவதா, அக்கம்பக்கத்துக்குப் பலகாரம் கொடுப்பது உண்டா, துணி எப்போது எடுப்பீர்கள்.

எங்களுக்கு மேலே ஒரு சூப்பர்வைசர் உண்டு. சென்னையில் ஆபீசில் உட்கார்ந்து எங்கள் எல்லோரையும் போனிலேயே மேய்க்கிற பெண். என்னைவிட மிகவும் சின்னவள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவளிடம் கேட்டேன்.

"ஒரு சம்பந்தமும் இல்ல அக்கா. அரசியல் ஒரு க்ளையன்ட், கேக் ஒரு க்ளையன்ட். ஆள அனுப்புற செலவு ஒண்ணுதானே? ஷேர் ஆட்டோ மாதிரி ரெண்டு பேரையும் ஒண்ணா ஏத்திட்டாங்க."

முதலில் புதுப்பட்டினத்தில் சுற்றினேன். அணுமின் நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் இருக்கும் ஃப்ளாட்களில் கதவு பாதிதான் திறந்தது. சங்கிலியைக் கழற்றாமலே "லிங்க் இருந்தா அனுப்புங்க, அப்புறம் ஃபில் பண்றேன்" என்றார்கள். ஒருவர் மட்டும் உள்ளே கூப்பிட்டு, எல்லாத் தலைவர்களைப் பற்றியும் நெடுநேரம் பேசினார். முடிக்கும்போது, "நான் சொன்னது எதையும் எழுதிடாதீங்க, கவர்மென்ட் வேலை" என்றார். எழுதாத பேச்சைச் சுமந்துகொண்டு படி இறங்கினேன்.

மார்க்கெட்டில் கருவாடு விற்கிற அம்மா இன்னும் சுருக்கம். தலைவருக்குப் பத்துக்கு எத்தனை போடுவீர்கள் என்றதும், "அவரு எனக்கு எவ்ளோ போடுவாரு, அத்த மொதல்ல கேட்டுகினு வா" என்றாள். அதற்கு டேப்லெட்டில் கட்டம் இல்லை.

எல்லோருக்கும் ஒரே அலுப்பு. கோபம்கூட இல்லை. கோபம் இருந்தால் பேச்சாவது வரும். "எவன் வந்தா இன்னா" என்பதை எத்தனை வாசல்களில் கேட்டிருப்பேனோ. கேட்டுக் கேட்டு அந்த அலுப்பு எனக்கும் ஒட்டிக்கொண்டது. கேள்வியை வாசிக்கும்போதே பதில் எனக்குத் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது. அரசியலை முடித்துவிட்டுக் கிறிஸ்துமஸுக்கு வரும்போதுதான் கொஞ்சம் முகம் தெளியும். "எதிர் வூட்லேர்ந்து பிரியாணி வரும்ல, அதான் எங்களுக்குக் கிறிஸ்மஸு" என்று சிரித்தாள் ஒரு பெண். நெற்றியில் பட்டையாக விபூதி வைத்திருந்த ஒரு பெரியவர், தன் பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் பக்கத்து வீட்டுக் குடிலுக்கு வைக்கோல் கொண்டுபோய்க் கொடுப்பதைச் சொன்னார். நான் நின்ற கால் வலியை அப்போது கொஞ்சம் மறந்திருப்பேன்.

பிறகு சதுரங்கப்பட்டினம் போனேன். டச்சுக் கோட்டைக்குச் சற்றுத் தள்ளி, இந்துக்களும் கிறிஸ்தவர்களும் கலந்து குடியிருக்கிற ஒரு தெரு. காலையில் தூறிவிட்டு வானம் அப்படியே கனத்துக் கிடந்தது. ஒரு வாசலில் என்னைவிட இளையவளான ஒரு பெண் முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே காகித ஸ்டார் தொங்கியது. முக்காலி ஒன்றைக் காலாலேயே என் பக்கம் தள்ளிவிட்டாள். உட்கார்ந்துவிட்டேன்.

யாருக்கு ஓட்டு என்று கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரரு யாருக்குப் போடச் சொல்றாரோ அவங்களுக்குத்தான்" என்றவள், குரலைத் தாழ்த்தி, "உள்ள போய்ட்டா அவரு இன்னா பாக்கவா போறாரு?" என்று சிரித்தாள்.

அடுத்த பாதிக்கு வந்து, வழக்கம்போலச் சத்தமாக வாசித்தேன். "உங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டுவீர்களா?"

அவள் தலையைத் தூக்கி ஸ்டாரைப் பார்த்தாள். அதற்குள் எதிர் வீட்டிலிருந்து ஒரு ஆள் இறங்கி வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், படகு வைத்திருப்பவர் என்று பிறகு தெரிந்தது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டே நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"இன்னாமா கேட்டுகினு கீற?"

கருத்துக்கணிப்பு என்றேன். அட்டையைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை.

"அது தெரியுது. மொதல்ல யாருக்கு ஓட்டுன்னு கேட்ட. இப்ப யாரு வூட்ல ஸ்டார் கட்றாங்கன்னு கேக்கற. ரெண்டையும் சேத்து யார் கையில குடுக்கப் போற?"

நான் வாயைத் திறந்தேன். ஷேர் ஆட்டோ கதையைச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தபோது அது வெறும் சமாளிப்பாகப் பட்டது. உண்மையில் எனக்குத் தெரியாது.

அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. சில பெண்களும், வலை பின்னுவதைப் பாதியில் விட்டுவிட்டு வந்த சில ஆண்களும் கூடிவிட்டார்கள். "எந்தக் கட்சி?" என்றது ஒரு குரல். "நாளைக்கு எவனாவது வந்து, இந்த வூடு இவனுக்குப் போட்ட வூடுன்னு சாக்பீஸ்ல குறி போட்டுட்டுப் போவான்" என்றது இன்னொன்று. யாரும் என்னைத் தொடவில்லை, திட்டவும் இல்லை. ஆனால் முக்காலியிலிருந்து எழுந்தால் வழி இருக்காது என்று புரிந்தது. சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது.

படகுக்காரர் கையை நீட்டினார். "குடு அத்த."

டேப்லெட்டைக் கொடுத்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு திரையை விரலால் மேலே தள்ளி, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"சரி. நாங்க கேக்கறோம், நீ சொல்லு. உனக்கு எந்தத் தலைவர் மேல நம்பிக்கை?"

யாரோ சிரித்தார்கள். நான் அவர் விளையாடுகிறாரோ என்று பார்த்தேன். அவர் விளையாடவில்லை.

"யார் மேலயும் இல்ல" என்றேன்.

"கடைசியா நடந்த தேர்தல்ல யாருக்குப் போட்ட?"

"போடல."

"ஏன்?"

அந்தக் கேள்வி பட்டியலில் கிடையாது. ஆனாலும் பதில் சொன்னேன். "வூட்டுக்காரரு ஆஸ்பத்திரில இருந்தாரு. அவரு தூங்குனதும் போய்ப் போட்டுட்டு வந்துரலாம்னு இருந்தேன். அன்னிக்கு அவரு தூங்கவே இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "அந்த வாரமே போய்ட்டாரு" என்றேன்.

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். படகுக்காரர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். டேப்லெட்டைத் திருப்பித் தந்துவிடுவார் என்று நினைத்தேன். தரவில்லை. கடைசிப் பாதிக்குத் தள்ளினார். குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"கிறிஸ்மஸுக்கு இன்னா பண்ணுவ?"

"ஒண்ணும் பண்றதில்ல" என்றுதான் சொல்ல வந்தேன். இத்தனை நாள் அத்தனை வாசல்களில் மற்றவர்களைக் கேட்டுவிட்டு அப்படிச் சொல்ல வரவில்லை.

"அவரு கிறிஸ்டியன். நான் இந்து. கல்யாணத்துக்கு ரெண்டு வூட்லயும் யாரும் வரல. அவரோட தங்கச்சி மட்டும் அப்புறமா வந்து ஒட்டிக்கிச்சு. வருஷா வருஷம் அது வூட்டுக்குத்தான் போவோம். அவரு பிரியாணிக்கு வெங்காயம் உரிச்சுத் தருவாரு, நான் அதிரசம் தட்டுவேன்."

"இப்ப?"

"இப்ப போறதில்ல."

"கூப்டறதில்லயா?" மாவு சலித்துக்கொண்டிருந்த பெண் கேட்டாள்.

"மொத வருஷம் கூப்ட்டுச்சு. நான் போவல. அப்புறம் அதுவும் கூப்டல."

"ஏன் போவல?"

"அவரு இல்லாம அந்த வூட்ல நான் யாரு?"

"அண்ணி. வேற யாரு?" என்றாள் அவள், சல்லடையைத் தட்டிக்கொண்டே. கருணையாகவெல்லாம் சொல்லவில்லை. இதுகூடத் தெரியாதா என்கிற எரிச்சல்தான் அதில் இருந்தது.

படகுக்காரர் கண்ணாடியைக் கழற்றி டேப்லெட்டை என் மடியில் வைத்தார். கூட்டம் மெல்லக் கலைந்தது. வலைக்காரர்கள் வந்த வழியே போனார்கள். அவர் மட்டும் நின்றார்.

"பாரும்மா, நான் ஸ்டார் கட்ற ஆளு இல்ல. எங்க வூட்ல அம்மனுக்குக் கூழு ஊத்துவோம். ஆனா இந்தத் தெருவுல யாரு கட்றா, யாரு கட்லன்னு நீ எழுதிகினு போவக் கூடாது. அது எங்களுக்குள்ள தெரிஞ்சாப் போதும். இன்னா?"

சரி என்றேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பெண் டீ கொண்டுவந்தாள். மூன்று பேரும் குடித்தோம். பிறகு பெரிய மழை பிடித்துக்கொண்டது. பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போவதற்குள் குடையை மீறி நனைந்துவிட்டேன்.

மாலையில் சூப்பர்வைசர் போன் செய்தாள். பேட்டி நடக்கும்போது டேப்லெட் பேச்சைப் பதிவு செய்துகொண்டே இருக்கும், பிறகு ஆபீசில் சோதிப்பார்கள். அவள் முழுவதையும் கேட்டிருந்தாள்.

"அக்கா, நீங்க போன் பண்ணப்ப மீட்டிங்ல இருந்தேன். ஸாரி." "அந்த இன்டர்வியூவ கேன்சல் பண்ணிடறேன். அதுல நீங்கதான் பதில் சொல்லியிருக்கீங்க."

"பண்ணிடும்மா."

"அந்த ஆடியோவையும் எடுத்துடறேன்."

படகுக்காரர் கேட்ட கேள்வியை அவளிடம் அப்படியே கேட்டேன். ரெண்டையும் சேர்த்து யாரிடம் கொடுப்பீர்கள்?

"தனித்தனியாத்தான் குடுப்போம்னு சொல்லியிருக்காங்க அக்கா." பிறகு, "நானா பாத்தது இல்ல" என்றாள்.

வேலையை நான் விட்டுவிடவில்லை. விட முடியாது. சதுரங்கப்பட்டினத்தின் அந்தத் தெருவைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, என்னை முட்டுக்காடு பக்கம் அனுப்பினார்கள். அங்கே கிறிஸ்துமஸ் பாதிக்கு வரும்போது, "இதுக்குப் பதில் சொல்ல இஷ்டம் இல்லன்னா விட்டுடலாம்" என்று நானாகவே சேர்த்துக்கொண்டேன். அதைக் கேட்டதும் பலர் விட்டுவிட்டார்கள். கேக் கம்பெனிக்கு என்னால் பெரிய லாபம் இருந்திருக்காது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று விடுமுறை. காலையில் படுத்தே கிடக்கலாம் என்றுதான் இருந்தேன். குளித்ததும் என்ன தோன்றியதோ, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பஸ் ஏறிவிட்டேன். நாத்தனார் வீடு ரயில்வே கேட்டைத் தாண்டி இருக்கிறது. போன் செய்யவில்லை. செய்தால் திரும்பிவிடுவேன் என்று பயம்.

கதவு திறந்தே இருந்தது. அவள் கை முழுக்க மசாலாவோடு சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்து அசையாமல் நின்றாள். கண் லேசாகக் கலங்கியது மாதிரி இருந்தது, மசாலா நெடியாகவும் இருக்கலாம்.

"செருப்ப வெளிய வுடு அண்ணி, இப்பதான் தொடச்சேன்" என்றாள்.

அவ்வளவுதான். ஏன் இத்தனை வருஷம் வரவில்லை என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு உள்ளே போனேன். வெங்காயம் உரிக்காமல் இருந்தது. உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன். உரித்துக்கொண்டே, இப்போது பார்க்கிற கருத்துக்கணிப்பு வேலையைப் பற்றி அவளிடம் சொன்னேன்.

கூடத்தில் அவள் கணவரும் அவருடைய தம்பியும் டிவியைப் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எந்தக் கட்சிக்கு எவ்வளவு ஆதரவு என்று ஏதோ ஒரு கணிப்பு ஓடியது.

"இதெல்லாம் யாராண்டதான் போய்க் கேக்கறானுங்களோ" என்றார் அவள் கணவர். "நம்ம வூட்டாண்ட ஒருத்தன் வந்ததில்ல."

நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குனிந்து அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்பைச் சிறிதாக்கினாள்.

சாப்பிட்ட பிறகு பேச்சு மறுபடி தேர்தலுக்குப் போனது. எனக்குக் கண் சொக்கியது. உள் அறையில் பாயை விரித்துக் காலை நீட்டினேன். கெண்டைக்கால் இரண்டும் கல்லாகக் கனத்தன. சற்று நேரத்தில் நாத்தனார் வந்து ஒரு தலையணையைத் தலைக்கு அடியில் திணித்துவிட்டு, மின்விசிறியைக் கூட்டி, கதவைச் சாத்திக்கொண்டு போனாள். மாலைவரை யாரும் எழுப்பவில்லை.