வீரம்மாவின் இரவல் கார்

இது நடந்தது. நம்பாதவர்கள் ஒரு நாள் காலையில் கிள்ளானுக்கு வந்து, ஜெயராஜின் காரில் ஏறிக் கோலாலம்பூர் வரை போய்ப் பார்க்கலாம். பெட்ரோல் அவனே போட்டுக்கொள்வான். கூட ஓர் ஆள் இருந்தால் அவனுக்கும் கொஞ்சம் ஆறுதல்.

தொண்ணூற்று நான்காம் வருடம். ஜெயராஜ் வாங்கிய புதுக் கார் ஐந்தாவது மாதத்திலேயே ரிவர்ஸ் கியரை மறந்துவிட்டது. முன்னால் மட்டும்தான் போகும். வாரண்டி இருந்ததால் தைரியமாகக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டான். கியர்பாக்ஸ் ஜப்பானிலிருந்து வர வேண்டுமாம். ஒரு மாதம் போனது. இன்னொரு மாதமும் போனது. எப்போது கேட்டாலும் ஃபோர்மேன் கன்னையா ஒரே பதிலைச் சொன்னார்.

"கப்பல்ல இருக்கு தம்பி."

அந்தக் கப்பல் துடுப்புப் போட்டுக்கொண்டு வருகிறது என்று ஜெயராஜ் முடிவு செய்துகொண்டான்.

அவன் மனைவி ரமணிக்கு அப்போது நிறைமாதம். போன வருடம் ஒரு பிள்ளை தங்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தபோது வலி எடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து ஜெயராஜுக்கு எதுவும் உறைப்பதில்லை. சந்தோஷம், பயம், ரமணி வைக்கும் மீன் குழம்பு, எதுவும். ஒன்றுதான் மனதில் நின்றது. இந்த முறை வாசலில் ஒரு கார் நிற்க வேண்டும். டாக்டர் இருப்பதோ கோலாலம்பூரில்.

அதைச் சொன்னதும் கன்னையா பின்கட்டுக்குப் போய், ஒரு வெள்ளைக் காரை ஓட்டிவந்து நிறுத்தினார்.

"உன் கார் ரெடியாகுற வரைக்கும் இத ஓட்டு."

"யார் காருண்ணே?"

"வீரம்மா காருன்னு சொல்லுவோம். எடுத்துட்டுப் போ லா. கேட்க மாட்டாங்க."

பூஜை போடாத காரில் ஏறமாட்டேன் என்று ரமணி வாசலிலேயே நின்றுவிட்டாள். ஜெயராஜ் காரைக் கோயிலுக்கு ஓட்டிப்போனான். அவள் பின்னாலேயே நடந்து வந்தாள். அர்ச்சனைக்கு ஐயர் பேரும் நட்சத்திரமும் கேட்டார். ஜெயராஜ் தன் பேரைச் சொல்ல வாயெடுத்தான். ரமணி முழங்கையால் இடித்தாள்.

"இது என்ன உங்க காரா? ஓனர் பேருக்குப் பண்ணுங்க சாமி. வீரம்மா."

"நட்சத்திரம்?"

"தெரியாது."

"பரவாயில்ல. கூப்பிட்டா அவங்களுக்குத் தெரியும்."

ஐயர் வீரம்மாவின் பேரை மூன்று முறை சொல்லிப் பூப்போட்டார். ஸ்டீரிங்கில் குங்குமம் வைத்தார். நான்கு டயருக்குக் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஜெயராஜ் காரை நகர்த்தினான். சட்... சட்... சட்...

மூன்றுதான் நசுங்கின.

டிரைவர் பக்கத்து முன் டயர் ஏறி இறங்கிய பழம் முழுசாகக் கிடந்தது. மேலே டயரின் தடம் மட்டும் பதிந்திருந்தது. ஐயர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இப்பல்லாம் பழம் கல்லு மாதிரி வருது" என்றார்.

மறுநாள் காலையில் காரில் உட்கார்ந்தபோது ஜெயராஜின் முழங்கால் ஸ்டீரிங்கில் இடித்தது. சீட் முன்னால் வந்திருந்தது. குள்ளமான ஒருவர் இழுத்துப் போட்டு உட்காரும் அளவுக்கு. பின்னால் தள்ளினான். அடுத்த நாளும் முன்னால் இருந்தது. அதற்கடுத்த நாளும். பின்னால் பார்க்கும் கண்ணாடியும் தாழ்ந்திருந்தது. ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தான்.

"சீட்டு லூசா இருக்கும் லா," என்றார் கன்னையா.

பிறகு அந்தச் சத்தம் தொடங்கியது. வேலைக்குப் போகும்போது, கோலாலம்பூர் போகும் பெடரல் ஹைவேயில் பழைய எஸ்டேட்டுக்குப் பிரியும் முனை வந்தால்...

டிக்... டிக்... டிக்...

இடது சிக்னல். அவன் போடவில்லை. அணைப்பான். மறுபடியும் எரியும். முனை தாண்டியதும் தானாக நிற்கும். ரமணியிடம் சொன்னபோது, "வீரம்மா வீடு அந்தப் பக்கமா இருக்கும்," என்றாள். நான்காம் நாள் அணைப்பதையே விட்டுவிட்டான். பழகிவிட்டது. மனிதனுக்கு எதுவும் பழகிவிடும், வாரண்டி உட்பட.

ரமணிக்கு வலி எடுத்தபோது சரியாகப் பொழுது விடியவில்லை. நல்ல மழை. அவளைப் பின் சீட்டில் படுக்கவைத்து ஓட்டினான். வைப்பர் அடித்தது. ரமணி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள்.

முனை வந்தது.

டிக்... டிக்...

இஞ்சின் நின்றது.

சாவியைத் திருகினான். ஒன்றும் இல்லை. மறுபடி திருகினான். மழைச் சத்தமும் சிக்னல் சத்தமும்தான்.

டிக்... டிக்...

ஜெயராஜின் கை ஸ்டீரிங்கிலேயே இருந்தது. பஸ் ஸ்டாப் ஞாபகம் வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

அவன் சீட் மெதுவாக முன்னால் நகர்ந்தது.

கர்ர்ர்...

முழங்கால் ஸ்டீரிங்கில் முட்டியது.

பின்னாலிருந்து ரமணி பேசினாள். அவனிடம் இல்லை.

"அக்கா... வீரம்மாக்கா... பிள்ள பொறந்ததும் உங்கள வீட்டுல கொண்டுபோய் விடறோம். சத்தியமா. இப்ப விடுங்கக்கா..."

டிக்...

நின்றது.

இஞ்சின் தானாகக் கிளம்பியது.

பெண் குழந்தை. நல்ல சுகம். ஜெயராஜ் தூக்கிப் பார்த்தான். கொஞ்சம் உறைத்தது.

செய்தியைச் சொன்ன ஒரு வாரத்தில் கன்னையா கூப்பிட்டார். கார் ரெடி. இரவல் காரை ஒப்படைக்கும்போது ஜெயராஜ் கேட்டான்.

"வீரம்மாங்கிறது யாருண்ணே?"

கன்னையா கைத்துணியால் விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"உன்ன மாதிரிதான் தம்பி, கஸ்டமர். அவங்க காருக்கும் கியர்பாக்ஸ்தான் போச்சு. வர்ற வரைக்கும் ஓட்ட இந்தக் காரக் கொடுத்தோம். ஒரு நாளு கிள்ளான் பாசாருல காய்கறி வாங்கிட்டு அங்கேருந்து போன் பண்ணி, 'ரெடியா'ன்னு கேட்டாங்க. 'கப்பல்ல இருக்கு'ன்னேன். அதான் கடைசி. அவங்க வீடு இருந்த எஸ்டேட்டுக்குத் திரும்புற முனையில சிக்னலப் போட்டு ஓரமா நிறுத்தியிருக்காங்க. நெஞ்சு வலி. உள்ள தூங்குறாங்கன்னு நினைச்சு யாரும் பார்க்கல. பேட்டரி சாகுற வரைக்கும் சிக்னல் அடிச்சுக்கிட்டே இருந்துச்சாம்."

"எப்ப?"

"ஒரு வருசம் ஆச்சு."

"நாங்க அவங்க பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டோம்ணே."

கன்னையா துடைப்பதை நிறுத்தினார்.

"செத்தவங்க பேருக்கா? அப்படிக் கூப்பிட்டா வந்துருவாங்களே தம்பி..."

ஜெயராஜ் தன் காரைப் பார்த்தான். "என் கியர்பாக்ஸ் எந்தக் கப்பல்ல வந்துச்சு?"

கன்னையா கைத்துணியை மடித்துத் தோளில் போட்டார்.

"அது அவங்களுக்கு வந்தது. ரெண்டும் ஒரே மாடல் காருதான். செத்த மறுவாரமே வந்துருச்சு. கேட்க ஆளு இல்ல. பெட்டியப் பிரிக்க எங்களுக்கும் மனசு வரல. பிள்ள பொறந்துருச்சுன்னு நீ சொன்ன... பிரிச்சுப் போட்டுட்டேன்."

ரமணியிடம் அவன் எதையும் சொல்லவில்லை. குழந்தையை முதல்முறை டாக்டரிடம் காட்டச் சொந்தக் காரில் கிளம்பினார்கள். நல்ல வெயில். முனை வந்தது.

டிக்... டிக்... டிக்...

ரமணி குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"சத்தியம் பண்ணிட்டேங்க. திருப்புங்க."

திருப்பினான்.

செம்மண் பாதை. ரப்பர் மரங்கள் இல்லை. எஸ்டேட் ஆட்கள் குடியிருந்த லயத்து வீடுகள் இல்லை. புல்டோசர் ஒன்று நின்றது. வரப்போகும் பங்களா வீடுகளின் விளம்பரப் பலகையில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது.

சிக்னல் நின்றது.

ஜெயராஜ் இறங்கிப் பின் கதவைத் திறந்து பிடித்தான். காற்றுகூட அடிக்கவில்லை.

"இறங்கிட்டாங்க," என்றாள் ரமணி.

கதவைச் சாத்தினான்.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்ப உட்கார்ந்தான்.

முழங்கால் இடித்தது.

அவன் சீட்டைப் பின்னால் தள்ளவில்லை. காலை மடக்கிக்கொண்டு ஓட்டினான்.