கடிபட்டதைச் சொல்லாதவன்

செத்தவர்கள் எழுந்து நடக்கிற தொடர் ஒன்றை நானும் என் மனைவியும் தை முதல் ஆடி வரை பார்த்தோம். பார்க்க ஆரம்பித்தபோதே அவளுக்கு இடது மார்பில் கட்டி இருந்தது. அவளுக்குத் தெரியும். எனக்குச் சொல்லவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு எங்கே எழுதுவது என்று தெரியாது.

தொடரைக் கொடுத்தது மகன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். பொங்கலுக்கு வந்தவன் பென்டிரைவில் ஏற்றி டிவியில் சொருகிவிட்டுப் போனான். வெளிநாட்டுத் தொடர், தமிழில் பேசுகிறார்கள். மழை பிடித்தால் எங்கள் பக்கம் டிஷ் எடுக்காது. பென்டிரைவுக்கு மழை இல்லை. அதனால் அதைப் பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அன்றைக்குத்தான் இரண்டு பேருக்கும் லீவு. அவள் எஸ்டேட்டில் பர்மனென்ட், கொழுந்து பறிக்கிற வேலை. நான் குன்னூர் ரோட்டில் வேறொரு தேயிலை ஃபேக்டரியில் டெம்பரவரி. நாங்கள் இருந்த லைன் வீடு அவள் வேலைக்காக எஸ்டேட் கொடுத்தது. அவள் பேர் எஸ்டேட்டில் இருக்கிற வரைக்கும்தான் வீடு. இதையும் முதலிலேயே சொல்ல வேண்டும்.

சோறாக்கி, துணி துவைத்து, சாப்பிட்டு, இரண்டு மணிக்கு உட்காருவோம். ஒரு ஞாயிற்றுக்கு ஒரு பாகம். இரண்டு பார்க்க விடமாட்டாள். "தீந்து போயிருமுங்க" என்பாள்.

கதை இதுதான். ஊரெல்லாம் செத்து எழுந்து நடக்கிறது. அதுகள் கடித்தால் கடிபட்டவனும் சில நாளில் செத்து எழுந்துவிடுவான். மிச்சம் இருக்கிற முப்பது பேர் ஒரு பள்ளிக்கூடத்தைச் சுற்றி வேலி போட்டு உள்ளே இருக்கிறார்கள். அங்கே ஒரு சட்டம். கடிபட்டவன் வேலிக்கு வெளியே போய்விட வேண்டும். அவன் குடும்பமும் கூடவே போக வேண்டும். குடும்பத்தை உள்ளே விட்டுவைத்தால் அவனுக்காகக் கதவைத் திறந்துவிடுவார்களாம்.

நாங்கள் பார்த்ததைவிடக் குற்றம் சொன்னதுதான் அதிகம்.

"காட்டுக்குள்ள இத்தனை நாளாச் சுத்தறாங்க. ஒரு அட்டை கடிச்சுதா பாருங்க."

"செத்தவன் கடிக்கறது பத்தாதா?"

"அந்தப் புள்ளையோட புருவத்தப் பாருங்க. ஊரே செத்துப்போச்சு, பார்லர் மட்டும் தொறந்திருக்குதாட்டம்."

செத்தவர்கள் தலையைத் தொங்கப்போட்டு, காலை இழுத்து இழுத்து நடப்பார்கள். எல்லோரும் ஒரே பக்கமாக.

"ஏனுங்க, நீங்க மொத ஷிஃப்டுக்குப் போறாப்பலயே இருக்குது" என்றாள். மறுநாள் காலையில் என் நடையை நானே பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

எனக்கு ஆகாதது ஒன்று. ஆள் தனியாகப் போவது. எங்கள் பக்கம் தேயிலைக்குள் காட்டெருமை நின்றால் யாரும் தனியாக ஓடமாட்டார்கள். சத்தம் கொடுத்து, சேர்ந்து நின்று, சேர்ந்து திரும்பி வருவார்கள். இந்தத் தொடரில் எங்கேயாவது ஒரு டப்பா உருண்டால் போதும், ஒருத்தன் டார்ச்சை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்புவான்.

"போறான் பாரு மடையன்" என்பேன்.

"அவன் போகலைன்னா கதை எப்பிடிங்க நகரும்? எல்லாரும் உங்களாட்டம் உட்கார்ந்த எடத்துலயே இருந்தா பாக்கறவன் தூங்கிப்போவான்."

ஆனி மாதம் அந்தத் தம்பி கதை வந்தது. வேலிக்குள் அண்ணன் தம்பி இரண்டு பேர். தம்பிக்குப் பெண்டாட்டி செத்துவிட்டாள், ஒரு பெண் குழந்தை. யாருக்கோ மருந்து எடுக்கத் தம்பி வெளியே போகிறான். செத்தது ஒன்று அவன் கையைக் கடித்துவிடுகிறது. ரத்தத்தைத் துடைக்கிறான். மடித்திருந்த சட்டைக்கையை இறக்கிவிட்டு பட்டன் போடுகிறான். உள்ளே வந்து மருந்தைக் கொடுக்கிறான். கடித்ததைச் சொல்லவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொள்கிறான். அந்தப் பாகம் அதோடு முடிந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இவனெல்லாம் மனுசனா? செத்து எந்திரிச்சா மொதல்ல பெத்த புள்ளையத்தான் கடிப்பான். சொல்லித் தொலைய வேண்டியதுதான?"

மற்ற நாள் என்றால் அவளும் சேர்ந்து திட்டுவாள். அன்றைக்கு முறத்தில் பூண்டு வைத்து உரித்துக்கொண்டிருந்தாள். தலை தூக்கவில்லை.

"சொன்னா?"

"சொன்னா மத்தவங்க பொழைப்பாங்க."

"புள்ளையும் சேந்து வெளிய போகோணும். அதான அங்க சட்டம்."

"அதுக்காக?"

"சொல்ற வரைக்கும்தானுங்க அவன் மனுசன். சொல்லிப்போட்டா அப்பறம் எல்லாரும் அவன் எப்பச் சாவான்னுதான் பாப்பாங்க. சொல்லாத வரைக்கும் சாப்படறான், சிரிக்கறான், புள்ளைக்குத் தலை வாரி உடறான்."

"எத்தனை நாளைக்கு?"

"எத்தனை நாளோ அத்தனை நாளைக்கு."

"நீ கதை எழுதப் போயிருக்கலாம் புள்ள" என்றேன். சிரித்தாள். பூண்டுத் தோலை ஊதினாள்.

அந்த ஆறு மாதத்தில் நான் பார்த்ததையும் எழுத வேண்டும். எஸ்டேட்டில் இப்போது கத்திரி வைத்துக் கொழுந்து வெட்டுகிறார்கள். இரண்டு கையும் வேண்டும். அவள் கத்திரி வேண்டாம், கையில் பறிக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். கொழுந்து எடை குறைந்தது. வயசாகிவிட்டது உனக்கு என்றேன். கொழுந்துப் பையை இடது தோளில் மாட்டுகிறவள் வலது தோளுக்கு மாற்றினாள். சித்திரை வெயிலிலும் வீட்டுக்குள் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். எல்லாம் பார்த்தேன்.

ஆடியில் ஒரு ஞாயிறு. காலையிலிருந்து மழை விடவில்லை. தொடரில் அந்தத் தம்பிக்குக் காய்ச்சல் வந்திருந்தது. சட்டைக்கை ஓரம் ஈரமாகத் தெரிந்தது. அவன் அண்ணன் எதிரில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்க்கிறான்.

அப்போது அவள் எழுந்தாள். அடுப்புக்கு மேலே கயிற்றில் துணி காயப் போட்டிருந்தோம். ஒரு துண்டை எடுக்கக் கையைத் தூக்கினாள். இடது கை பாதிக்கு மேல் எழவில்லை. ஸ்வெட்டர் விலகியது. ரவிக்கையில் அக்குளுக்குக் கீழே உள்ளங்கை அளவு ஈரம். மழை ஈரம் இல்லை.

"என்ன அது?"

"ஒண்ணுமில்லைங்க. துணி காயல."

"கழட்டு."

"இது முடியட்டுங்க. அந்த ஆளு சொல்றானா இல்லையான்னு பாத்துப்போட்டு…"

நான் டிவியை அணைத்தேன். அவள் கொஞ்ச நேரம் அணைந்த டிவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஸ்வெட்டரைக் கழற்றினாள்.

பார்த்தேன். அதைப் பற்றி எழுதமாட்டேன்.

"எப்ப இருந்து?"

"போன கார்த்திகைல இருந்து. அப்ப சுண்டைக்கா அளவுதான்."

"ஏன் சொல்லல?"

"ஊடு" என்றாள். எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "இன்னும் ரெண்டு வருசம் ஓட்டிட்டா ரிடையராயிருவேன். அதுக்குள்ள நீங்களும் ஒரு எடம் பாத்துருவீங்க. இப்பப் படுத்துட்டா பேரை எடுத்துருவாங்க. ஊட்டக் கேப்பாங்க. உங்களக் கொண்டுபோயி எங்க வெப்பேன்?"

கட்டியோடு இருந்தது அவள். இடம் தேடியது எனக்கு.

மறுநாள் எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போனோம். நர்சம்மா பார்த்துவிட்டுச் சீட்டு எழுதினார். கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரி. நான் அவள் எஸ்டேட் சூப்பர்வைசரிடம் சொல்லப் போனேன்.

"பேரை எடுப்பாங்கன்னு ஆருப்பா சொன்னது?" என்றார். "அதுக்கெல்லாம் லீவு இருக்குது. ஊட்டையும் ஒண்ணும் பண்ணமாட்டாங்க. அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே அனுப்பியிருப்பமே."

யாரும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. பக்கத்து லைனில் ஒருத்தர் படுத்தபிறகு வீட்டைக் காலி பண்ணிப் போனார். அவர் மகள் வீட்டுக்குத் தானாகவே போனாரா, போகச் சொன்னார்களா என்றுகூட நாங்கள் விசாரிக்கவில்லை. போனார் என்று மட்டும் பார்த்தோம்.

சூப்பர்வைசர் சொன்னதை அவளிடம் நான் சொல்லவில்லை. கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், லேட்டாக வந்திருக்கிறீர்கள் என்றார். மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. மேட்டுப்பாளையம் இறங்கி, பஸ் மாறி, போக வர என்று ஐப்பசி வரை ஓடியது. பிறகு அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அந்த ஊர்ப் புழுக்கம் அவளுக்கு ஆகவில்லை. "ஃபேன நிறுத்தாதீங்க" என்பாள். மலையில் பிறந்து வளர்ந்தவள்.

ஒருநாள் கேட்டாள். "அந்த ஆளு சொன்னானா?"

எந்த ஆள் என்று நான் கேட்கவில்லை. "நீ இல்லாம பாக்கலை."

"துணி எடுக்க ஊட்டுக்குப் போவீங்கல்ல? பாத்துப்போட்டு வந்து சொல்லுங்க."

போனேன். துணி எடுத்தேன். டிவியைப் போடவில்லை. திரும்பி வந்ததும் அதைத்தான் முதலில் கேட்டாள்.

"சொல்லிட்டான்" என்றேன்.

"அப்பறம்?"

"வெளிய தள்ளல. தனியா ஒரு ரூம் குடுத்தாங்க. சோறு கொண்டுபோயி வெக்கறாங்க. புள்ள சன்னல்கிட்ட நின்னு பேசுது."

"சட்டம்?"

"மாத்திட்டாங்க."

என் முகத்தைப் பார்த்தாள்.

"பொய்யுங்க" என்றாள். "அவங்க அப்பிடி எழுதமாட்டாங்க."

நான் துணிப் பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

"ஆனா நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

மார்கழியில் போய்விட்டாள். மலைக்குக் கொண்டுவந்து அடக்கம் பண்ணினோம். அன்றைக்கு நல்ல வெயில். மகன் என்னைத் திருப்பூருக்குக் கூப்பிட்டான். வீட்டைக் காலி பண்ண எஸ்டேட்டில் பங்குனி வரை நேரம் கொடுத்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

மாசியில் ஒரு ஞாயிறு, இரண்டு மணிக்கு டிவியைப் போட்டேன். நாங்கள் நிறுத்திய இடத்தை அது மறந்துவிட்டது. அந்தப் பாகத்தை முதலிலிருந்து பார்க்க வேண்டி வந்தது. காய்ச்சல். ஈரச் சட்டைக்கை. அண்ணன் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். அதற்குப் பிறகு நான் பார்க்காதது.

தம்பி சொல்லவில்லை. அண்ணன்தான் எழுந்து வந்து பட்டனைக் கழற்றிச் சட்டைக்கையைத் தூக்குகிறான். குழந்தை தூங்குகிறது.

"எப்பத் தெரியும்?" என்று தம்பி கேட்கிறான்.

"நீ வந்த அன்னிக்கே. அந்த வெயில்ல நீ கைய மடிச்சு விடல."

"ஏன் கேக்கல?"

அண்ணன் பதில் சொல்வதில்லை. தண்ணீர் கொண்டுவந்து அந்தக் கையைக் கழுவுகிறான். அதோடு முடித்துவிட்டார்கள்.

அவள் இருந்திருந்தால், எழுதினவனுக்கே பதில் தெரியலைங்க என்றிருப்பாள். எனக்குத் தெரியும். பை தோள் மாறியதைப் பார்த்தேன். ஸ்வெட்டரைப் பார்த்தேன். என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்காத வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு அவள் பூண்டு உரிப்பாள், சிரிப்பாள்.

மிச்சத்தை நான் பார்க்கவில்லை.

பங்குனியில் வீட்டைப் பெருக்கித் துடைத்துச் சாவியை சூப்பர்வைசரிடம் கொடுத்தேன். டிவியைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டேன். திருப்பூரில் அதைச் சுவரில் மாட்டும்போது மகன் பின்னால் சொருகியிருந்த பென்டிரைவைப் பார்த்தான்.

"முடிச்சிட்டீங்களாப்பா?"

"இல்ல. பாதிலதான் இருக்குது."

"ஐயோ, கடைசில அந்தக் கொழந்தை என்னாகுதுன்னா…"

"சொல்லாத" என்றேன்.