காந்தத்தில் ஒட்டிய தங்கம்

சூடான தேயிலைத்தூள் வாசனைக்கு நடுவே 'டக்' என்று ஒரு சத்தம். எழுபதுகளில், பீர்மேட்டுப் பக்கம் எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியில் கேட்டது. இன்றைக்கும் காதில் நிற்கிறது.

அன்று அம்மா, அப்பாவுக்குச் சோற்றுத் தூக்கோடு தாத்தாவின் 'மஞ்சக் காசை'யும் என் பாவாடை நுனியில் முடிந்து அனுப்பியிருந்தாள். முதல் உலகச் சண்டையில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு மூட்டை சுமக்கக் கப்பலேறிப் போன தாத்தா, சீமையிலிருந்து கொண்டுவந்த காசு அது. "எதிரிப் பட்டாளம் ஊரைப் பிடிச்சிருந்தப்ப, சில்லறைக்கு வழியில்லாம அந்த ஊர்க்காரங்களே அடிச்சது. சண்டை முடிஞ்சதும் நல்ல காசா மாத்தித் தாரோம்னு சொல்லி அடிச்சது" என்று சாகும்வரை சொன்னார். யார் கேட்டார்கள்? மஞ்சளாக மினுங்கியதால் எங்கள் 'லயத்து' வரிசை வீடுகளில் அது பவுன்தான். அதை உருக்கிப் பேச்சியக்காவுக்குத் தோடு போடுவதாக மாப்பிள்ளை வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டு, அன்று சாயங்காலம் கம்பத்து ஆசாரியிடம் போக இருந்தார் அப்பா.

அவர் வேலை பார்த்த சல்லடை அறையில், தூளோடு வரும் ஆணி, கம்பித் துண்டுகளைப் பிடிக்கப் பெரிய காந்தக் கட்டை ஒன்று உண்டு. அதன் அருகே நின்று, கடைசியாக ஒரு தரம் பார்ப்போமே என்று முடிச்சை அவிழ்த்தேன். காசு கையை விட்டுத் துள்ளிப் போய் 'டக்'கென்று அதில் ஒட்டிக்கொண்டது. விருந்தாளி வந்தாலே கதவுக்குப் பின்னால் ஒளிகிற நான், மிஷின் இரைச்சலை மீறிக் கத்தினேன்.

"அப்பா, இது இரும்பு."

"ஏ புள்ள, மெதுவா" என்று பிடுங்கினார். விட்டதும் திரும்ப ஒட்டியது. அப்படியே சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை உடும்பஞ்சோலையிலிருந்து ஜீப்பில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அப்பா அடுப்படிப் பக்கம் போய் நின்றுகொண்டார். அக்காதான் காப்பித் தட்டில் டம்ளருக்குப் பக்கத்தில் காசை வைத்து நீட்டினாள்.

"இதுதான் அத்தை அந்தத் தோடு. இரும்பு. காப்பியக் குடிச்சிட்டுச் சொல்லுங்க."

"அப்ப காதுல வேப்பங்குச்சியா சொருகிக்கிட்டு வருவ?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

மாப்பிள்ளை காசைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "விடும்மா. தங்கமுன்னா கம்பத்து அடகுக் கடையில கெடக்கும். இது வீட்டுல கெடக்கும்."

கதவுக்குப் பின்னால் சந்தோஷத்தில் என் கையை நானே கடித்துக்கொண்டேன்.

இன்று அந்த ஃபேக்டரி இல்லை. காந்தக் கட்டை எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ. அந்த மாப்பிள்ளை மாமா பின்னால் அக்காவுக்கு ஆசையாக வாங்கிப் போட்ட தோடு, அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கம்பத்துக்குப் போனது. தோடும் திரும்பவில்லை, அவரும் திரும்பவில்லை. காசு மட்டும், மஞ்சள் போய்த் துருவேறி, அக்காவின் சாமி மாடத்தில் இருக்கிறது. மாற்றித் தருவதாகச் சொன்ன ஊர் எதுவென்று கண்டுபிடிக்கலாமே என்றாள் என் மகள்.

"மாத்துறதுக்கா வச்சிருக்கேன்?" என்றாள் அக்கா.