முழிப்பாத்தான் இருக்கிறன் சேர்

மன்னார் ஓலைத்தொடுவாய் யாகப்பருக்கு எங்கு வைத்தாலும் நித்திரை வரும். சாய்ந்தால் வரும், குந்தினால் வரும், சுவாமியார் பிரசங்கம் தொடங்கினால் நிச்சயமாக வரும். சொந்தத் தங்கையின் கலியாணத்தில் பீடத்துக்கு முன்னால் நின்றபடியே உறங்கி, சாட்சிக் கையெழுத்துக்கு ஆளைத் தேடியபோது, மாதாவின் சுரூபத்தில் சாய்ந்திருந்தவரை இரண்டு பேர் பிரித்தெடுத்தார்கள்.

அதற்காக அவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பொழுதுபட உப்பளத்துப் பக்கம் இருக்கிற பழைய உப்புக் களஞ்சியத்துக்குக் காவல் வேலைக்குப் போனால், விடிந்த பிறகுதான் மாற்று ஆள் வருவான். அங்கிருந்து சைக்கிளில் நேரே கடற்கரைக்கு வந்து கரைவலை இழுப்பார். வெயில் ஏறும்வரை இழுத்து, பங்கு மீனோடு வீடு வந்து, சாப்பிட்டுப் படுத்தால் தகரக் கூரையின் வெக்கை எழுப்பிவிடும். மறுபடி சைக்கிள். கடைக்குட்டி டினோஜா யாழ்ப்பாணத்தில் கம்பஸ் படிக்கிறாள். அவள் படித்து முடியுமட்டும் இப்படித்தான். வலை இழுக்கிற தோளோ போன வருசத்திலிருந்து மக்கர் பண்ணத் தொடங்கிவிட்டது. தோள் போனால் காவல் வேலைதான் மிச்சம். அதுவும் போனால், அறுபதைத் தொடுகிறவரை எந்தக் கம்பனி எடுக்கும்?

அவருடைய குறட்டையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். சண்டைக் காலத்தில், படகுகளுக்கு எஞ்சின் பூட்டத் தடை இருந்தபோது, ஒருநாள் நேவிக்காரர் வீட்டைச் சுற்றி வளைத்து, "ஒளிச்சு வைச்சிருக்கிற எஞ்சினை எடு" என்று கேட்டார்கள். மனைவி மார்த்தா அவர் உறங்கிக்கிடந்த பாயைக் காட்டினாள். நேவிப் பெரியவர் குனிந்து பார்த்து, இது எத்தனை குதிரைவலு என்று கேட்டுவிட்டுப் போனாராம். வெளிச்சவீடு அணைந்துகிடந்த மாரியில் இரண்டு வள்ளங்கள் இந்தச் சத்தத்தைப் பிடித்தே கரை சேர்ந்தன. நம்பாதவர்கள் வள்ளக்காரரைக் கேட்கலாம். ஒருவர் செத்துப்போனார், மற்றவர் கனடாவில்.

யாகப்பர் மட்டும் இதை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. "நான் கேக்கேல்லை. கேக்காத சத்தத்துக்கு நான் எப்பிடிப் பொறுப்பு?" என்பார்.

மார்த்தா கேட்டிருக்கிறாள். கலியாணம் முடித்த புதிதில், அகதியாய் இந்தியாவுக்குப் போனபோது, படகுக்காரன் நடுக்கடலில் ஒரு மணல்திட்டில் எல்லாரையும் இறக்கிவிட்டுப் போய்விட்டான். அமாவாசை இருட்டு. யார் இருக்கிறார், யாரைத் தண்ணீர் கொண்டுபோனது என்று தெரியாது. மார்த்தா கூப்பிட்டாள், காற்றில் குரல் போகவில்லை. அப்போது திட்டின் மறுகரையிலிருந்து அந்த எஞ்சின் கேட்டது. அவள் ஊர்ந்து ஊர்ந்து போய் அதற்குப் பக்கத்தில் படுத்தாள். அன்று தொடக்கம் அந்தச் சத்தம் இல்லாமல் அவளுக்குக் கண் மூடாது. யாகப்பர் இரவுக் காவலுக்குப் போன நாள் முதல் அவள் நித்திரை போனது. கண்ணுக்குக் கீழே இரண்டு கருப்புப் பிறையோடு திரிந்தாள். பகலில் அவர் படுக்கிற கொஞ்ச நேரத்தில் இவளுக்கு அடுப்பு, கருவாடு, தண்ணீர் வரிசை.

இப்படிக் களைத்துப்போன இருவருக்கு நடுவில்தான் மாசி மாதம் கொழும்பிலிருந்து ஒரு ஜாஸ் குழு வந்தது. நாலே பேர். ஒருவர் சாக்ஸபோன், ஒருவர் பியானோ, ஒருவர் ட்ரம்ஸ். நாலாவது சுபத்திரா என்ற பெண். ஆள் உயரத்துக்கும் மேலான பேஸ் என்கிற நரம்பு வாத்தியத்தைக் கட்டிப்பிடித்தபடி வாசிப்பவள். தாய் இங்கே நானாட்டான் பக்கத்துக்காரி. சனங்களுக்கு முன்னால் வாசிப்பதை அப்படியே ஒலிப்பதிவு செய்து அல்பமாகப் போடுவது அவர்கள் எண்ணம். கனத்த சுவருள்ள உப்புக் களஞ்சியத்தில் சத்தம் நின்று நிதானித்துப் போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

யாகப்பர் சீருடை போட்டு, மேடைக்குப் பக்கத்துக் கதவடியில் காவல் இருக்கவேண்டும் என்பது காவல் கம்பனியின் உத்தரவு. அவருக்குக் கதிரை கொடுத்ததுதான் பிழை.

மார்த்தாவும், பக்கத்து வீட்டு ஸுஹறாவும் பின்வரிசையில் இருந்தார்கள். அரை மணித்தியாலம் போனது.

"மார்த்தாக்கா, இன்னும் சுருதி சேத்து முடியேல்லையா?"

"பொறடி. இதுதான் பாட்டு."

"அப்ப அவர் வாசிக்க இவர் ஏன் சும்மா நிக்கிறார்? கோவமோ?"

ஒவ்வொருவரும் தனியாக வாசித்து முடிக்கிறபோது கொழும்புக்காரர் பாட்டின் நடுவிலேயே கை தட்டினார்கள். முடிந்துவிட்டது என்று நம்முடைய சனம் எழும்பிச் செருப்புத் தேடும். பாட்டு திரும்பத் தொடங்கும். சனம் திரும்ப இருக்கும். கோயிலில்கூட இத்தனை தரம் எழும்பி இருந்ததில்லை.

பிறகு விளக்கைக் குறைத்தார்கள். மெல்லிய பாட்டு ஒன்று. சுபத்திரா தனியாக ஒவ்வொரு நரம்பாகத் தொட, ட்ரம்ஸ்காரர் சின்னத் தும்புத்தடி, விளக்குமாறு மாதிரி ஒன்றால் ட்ரம்மின் தோலைத் தடவினார். அந்த இடத்தில்தான் கதவடியிலிருந்து அது புறப்பட்டது. இழுவையாக ஒன்று. நிறுத்தம். இன்னொன்று.

கொழும்புச் சனம் இதுவும் ஏற்பாடு என்று நினைத்து மரியாதையாகக் கேட்டது. நம்முடைய சனம் சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்தது. மார்த்தா தலையைக் குனிந்துகொண்டாள். ட்ரம்ஸ்காரர் திரும்பிப் பார்த்தார், சிரிக்கவில்லை, தடவுகிற வேகத்தைக் குறைத்து அந்த இழுவைக்குள் கொண்டுவந்து வைத்தார். குறட்டை நிற்கிற இடைவெளியில் சுபத்திரா ஒரு நரம்பைத் தொட்டாள். அதற்குமேல் சாக்ஸபோன், ஆளை எழுப்பிவிடாமல் போர்வை போடுகிற மாதிரி, மெல்ல வந்து விழுந்தது. சுருதி சேரவில்லை என்ற ஸுஹறாகூட வாயிலிருந்த தலைப்பை எடுத்துவிட்டாள்.

பாட்டு முடிந்து கைதட்டல் இடிபோல எழும்ப, யாகப்பர் துள்ளி எழுந்தார். கதிரை விழுந்தது. கம்பனிப் பெரியவர்தான் வந்துவிட்டார் என்று எண்ணி, இருட்டைப் பார்த்துச் சலூட் அடித்து, கணீரென்று சொன்னார்:

"முழிப்பாத்தான் இருக்கிறன் சேர்!"

கொஞ்ச நாள் போக, ஒரு முற்பகலில் சுபத்திரா தனியாக ஓலைத்தொடுவாய்க்கு வந்தாள். யாகப்பர் அப்போதுதான் கரையிலிருந்து வந்து, வலது தோளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, இதைக் கொஞ்சம் கேளுங்கோ" என்று போனையும் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் மேசையில் வைத்தாள்.

யாகப்பர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஆர் பிள்ளை இது? பாவம், சளிக்காரன் போல."

"நீங்கள்தான் ஐயா."

அவர் மார்த்தாவைப் பார்த்தார். மார்த்தா கூரையைப் பார்த்தாள். அத்தனை வருசத்து வழக்கு அந்த இடத்தில் தீர்ந்தது. அவர் முழங்கையில் எண்ணெய் வழிய, கடைசி 'சேர்!' வரை கேட்டார்.

"இதை வெட்டிப்போடுங்கோ பிள்ளை. காவலாளி நித்திரை எண்டு கம்பனிக்குத் தெரிஞ்சா என்ர வேலை முடிஞ்சுது."

"தனிய வெட்டேலாது ஐயா. எல்லா மைக்கிலயும் விழுந்திருக்கு. எடுத்தா முழுப் பாட்டையும்தான் எடுக்கோணும்." அவள் தன் விரல் நுனிகளைப் பார்த்தாள், நரம்பு தொட்டுத் தொட்டுத் தடித்துப்போன விரல்கள். "நாங்கள் நாலு பேரும் சேந்து ஒன்பது வருசம். அப்பிடி ஒருநாளும் வாசிச்சதில்லை. இனியும் வாசிப்பமோ தெரியாது. எண்டாலும் பறவாயில்லை. உங்கட வேலையைவிட அது பெரிசில்லை. எடுத்துப்போடுறம்."

"எடுக்கமுதல் எனக்கு ஒருக்கா போட்டு விடு பிள்ளை" என்றாள் மார்த்தா.

சுபத்திரா போட்டாள். இரண்டாவது இழுவையில் மார்த்தாவின் தலை சரிந்து நாடி நெஞ்சில் பட்டது. மூன்றாவதில் கை கதிரையிலிருந்து நழுவித் தொங்கியது. அடுப்பில் குழம்பு கொதிக்க, பட்டப்பகலில், வந்த ஆளுக்கு முன்னால் மார்த்தா உறங்கிப்போனாள்.

"அம்மாக்கு என்ன?" என்று சுபத்திரா பயந்து எழும்பினாள்.

"நிப்பாட்டாதேங்கோ" என்றார் யாகப்பர் மிக மெதுவாக. "அவள் நித்திரை கொண்டு கனகாலம்." போய்க் குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்தார். சுபத்திரா அந்த ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். யாகப்பர் வாசலில் நின்று ஒருமுறை மனைவியின் முகத்தையும், ஒருமுறை ஆணியில் தொங்குகிற சீருடையையும் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துத்தானா கேற்றடியில் முச்சக்கரவண்டி வந்து நிற்கவேண்டும்? இறங்கியது கம்பனியின் மேற்பார்வையாளர் நிப்ராஸ். மாவனல்லைக்காரர், இரவிரவாக பஸ்ஸில் இருந்து வந்த கண் சிவந்து கிடந்தது. கையில் போன். கச்சேரியில் யாரோ எடுத்த வீடியோ சுற்றிச் சுற்றிக் கம்பனியின் கந்தோருக்கே போய்விட்டது. இருட்டில் ஆள் தெரியாது. சத்தம் மட்டும் அப்பழுக்கில்லாமல் கேட்கும்.

"யாகப்பர், அண்டைக்கு நீங்க தூங்கினீங்களா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

யாகப்பர் வாயைத் திறக்குமுன், உள்ளேயிருந்து அந்தக் குறட்டையே நீளமாக ஒன்று வந்தது.

நிப்ராஸ் காதைக் கூர்மையாக்கினார். முன்னால் நிற்கிறவரைப் பார்த்தார். நிற்கிறவர் முழித்த கண் முழித்தபடி.

"இதே சத்தம்தானே! அப்ப உள்ளுக்கு யாரு?"

"கழுதை, தம்பி" என்றது வேலி. வேலிக்கு மேலே ஸுஹறாவின் தலை இருந்தது.

"என்னது?"

"கழுதை. வீட்டுக்குப் பின்னால நிக்குது. மன்னார்ல மனுசனுக்கு ரெண்டு கழுதை. எங்கயும் படுக்கும், எங்கயும் குறட்டை விடும். அண்டைக்கும் கதவடியில படுத்திருந்திச்சு. நானும் கச்சேரிக்குப் போனனான்தானே."

"கழுதை குறட்டை விடுமா?"

"மாவனல்லையில விடாதாக்கும்."

நிப்ராஸ் வீடியோவைக் கடைசிவரை தள்ளினார். போனுக்குள்ளிருந்து கதிரை விழுந்தது. *முழிப்பாத்தான் இருக்கிறன் சேர்!*

"இது? கழுதை தமிழ்ல பேசிச்சா?"

யாகப்பர் கதவு நிலையைப் பிடித்தார். ஸுஹறா அசரவில்லை.

"அல்லாவே, அது அண்ணையின்ர குரல்தானே தம்பி! கழுதை நித்திரை, தான் முழிப்பு எண்டு அவரே சத்தமாச் சொல்றார். இதுக்குமேல என்ன சாட்சி வேணும்?"

"நீங்க சத்தியம் பண்ணுவீங்களா?"

"கழுதைக்கெல்லாம் நாங்க சத்தியம் பண்றதில்ல."

நிப்ராஸ் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். கதிரையில் வாய் திறந்து உறங்குகிற ஒரு பெண், மேசையில் ஸ்பீக்கர், அதை முந்தானையால் மறைத்துக்கொண்டு நிற்கிற இன்னொருத்தி.

"நீங்க அந்த மியூசிக் ஆள்தானே. நீங்க சொல்லுங்க மிஸ். கழுதையா?"

சுபத்திரா யாகப்பரைப் பார்த்தாள். உறங்குகிற மார்த்தாவைப் பார்த்தாள்.

"ஓம், கழுதைதான்" என்றாள். "அல்பத்திலயும் அப்பிடித்தான் அச்சடிக்கப்போறம்."

நிப்ராஸ் முட்டாள் இல்லை. அவர் கிணற்றடிக் கல்லில் பொத்தென்று இருந்து, சப்பாத்தைக் கழற்றி, கால் விரல்களை வெயிலுக்கு விரித்தார். ஸுஹறா வேலிக்கு மேலால் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். எத்தனை ஊர், எத்தனை காவலாளி, எத்தனை பஸ்!

"அச்சில வந்தா கந்தோர்ல காட்டலாம்" என்றார் கடைசியில். எழும்பிப் போகும்போது திரும்பி, "அந்தக் கழுத பாவம். ஞாயிற்றுக்கிழம ராவுக்கு வேற ஆள் போடுறேன். கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார்.

அல்பம் சித்திரைக்குப் பிறகு வந்தது. உறையில் நாலு வாத்தியக்காரரின் பெயர். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அவரவர் வாத்தியம். அதற்குக் கீழே ஐந்தாவதாக ஒரு வரி: மன்னார்க் கழுதை. கொழும்பில் ஒரு கெட்டிக்காரர், அந்தக் கழுதைக்கு இருக்கிற தாள ஞானம் பலருக்கு இல்லை என்று எழுதியிருந்தாராம். யாகப்பர் உறையை வெளிச்சத்துக்குப் பிடித்து, அந்த வரியைப் பெருவிரலால் ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு, அலுமாரியில் சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பேரைப் போட்டிருந்தா டினோஜா சிநேகிதப் பிள்ளையளுக்குக் காட்டியிருப்பாள்" என்றார் மார்த்தாவிடம்.

டினோஜா பாட்டை மட்டும் அம்மாவின் போனில் ஏற்றிக் கொடுத்தாள். இப்போது யாகப்பர் காவலுக்குப் போகிற இரவுகளில் மார்த்தா அதைத் தலைமாட்டில் வைத்துப் படுக்கிறாள். கண்ணுக்குக் கீழிருந்த கருப்பு போய்விட்டது. "ஆள் வேலைக்குப் போனாலும் எங்களுக்கு விடுதலை இல்ல" என்று முறைப்படுவது ஸுஹறா மட்டும்தான்.

ஞாயிறு இரவுகளில் யாகப்பர் வீட்டில் நிற்கிறார். நம்பினால் நம்புங்கள், எங்கு வைத்தாலும் உறங்கிய அந்த மனிதருக்கு, வருசக்கணக்கில் இரவுக்குக் காவல் இருந்த பழக்கத்தில், சொந்தப் பாயில் கண் மூடமாட்டேன் என்கிறது. முதல் ஞாயிறு மார்த்தா கொஞ்சநேரம் காத்துப் பார்த்தாள்.

"என்ன, ஒரு சத்தத்தையும் காணேல்லை?"

"வருகுதில்லையடி."

"நான் நித்திரை கொள்ளுறேல்லையோ?"

"சரி, அதைப் போடு."

அவள் போட்டாள். இரண்டாவது இழுவையில் அவள் உறங்கிவிட்டாள். யாகப்பர் வலிக்கிற தோளை மேலே வைத்து ஒருக்களித்து, அந்தக் கழுதை நிம்மதியாக உறங்குவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தார். நரம்பு, தோல், அந்தப் போர்வை மாதிரியான சாக்ஸபோன். கைதட்டல். கதிரை விழுந்தது. இருட்டில் அவருடைய குரலே, அவர் சொல்லவேண்டியதைச் சொன்னது.