சேவியர் பரிசோதித்த நாற்பத்தோரு கிட்டார்கள்

புனேயில் தமிழ் பேசும் குடும்பம் ஒன்று கிட்டார் வாங்குவதென்று முடிவெடுத்தால் கடையைத் தேடிப் போவதில்லை. தேஹு ரோட்டிலிருக்கும் சேவியரைத் தேடிப் போகிறது. இது எந்த வருடம் சட்டமாயிற்று என்று யாருக்கும் தெரியாது. மீறியவர்களைப் பற்றியும் தகவல் இல்லை.

சேவியருக்கு வயது ஐம்பத்தொன்று. ராணுவத் தளவாட டிப்போவில் சிவிலியன் ஊழியர். பூட்ஸ், கூடாரத் துணி, தண்ணீர்க் குப்பி என்று வந்து இறங்கும் சரக்கைப் பிரித்துப் பார்த்து, 'ஏற்கலாம்' அல்லது 'நிராகரிக்கலாம்' என்று முத்திரை குத்துவது உத்தியோகம். மூன்றாவதாக ஒரு முத்திரையும் மேஜையில் உண்டு: 'குறைகளுடன் ஏற்கலாம்.' இருபத்தாறு வருட சேவையில் அதை அவர் தொட்டதில்லை. குறையோடு ஏற்பது என்பது குறைக்குத் தானும் கையெழுத்துப் போடுவது என்பது அவர் கொள்கை. அந்த ரப்பரில் இன்னும் மை ஏறவில்லை.

இந்தக் கண்டிப்பான கண்தான் சனிக்கிழமைகளில் கிட்டார் பார்க்கக் கிளம்பும். தோள்பையில் ஸ்டீல் ஸ்கேல், டார்ச், இடைவெளி அளக்கும் தகடுகள், ஒரு வயர், காதில் மாட்டிக் கேட்க உள்ளங்கை அளவு ஆம்ப். வாக்கட், பிம்ப்ளே சௌதாகர், ஹடப்சர் என்று எங்கே கூப்பிட்டாலும் போவார். கேட்பவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் கேட்பார்கள்: பத்தாயிரத்துக்குள்ள நல்லதா ஒண்ணு. சேவியரிடம் அதற்கான ஞானம் இருந்தது. தலைப்பக்கம் எழுதியிருக்கும் பேருக்குப் பாதி விலை என்பார். கம்பி முறுக்கும் சாவி வழுக்கினால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம் என்பார். உறை, பெல்ட், ஸ்டாண்ட் என்று பன்னிரண்டு பொருள் இலவசம் என்றால் பதின்மூன்றாவது பொருள் கிட்டாராக இருக்க வாய்ப்பில்லை என்பார். பார்த்து முடித்ததும் வாட்ஸப்பில் ஓர் அறிக்கை அனுப்புவார். அதன் கடைசி வரியில் 'ஏற்கலாம்' என்று இருந்தால் அந்த வீட்டில் கிட்டார் வந்துவிட்டது என்று அர்த்தம். சன்மானம் ஒரு டம்ளர் காப்பி. சர்க்கரை வேண்டாம் என்று அவர் சொல்வதற்குள் சர்க்கரை போட்டிருப்பார்கள்.

இப்படி நாற்பத்தோரு கிட்டார்கள். அவற்றின் பிற்கால வாழ்க்கையைச் சேவியர் அறிவார். ஒன்று கதவுக்குப் பின்னால் துப்பட்டா தாங்குகிறது. ஒன்று வீடியோ காலில் முதலாளியின் கண்ணில் படும்படி சுவரில் தொங்கி, அதன் உரிமையாளருக்கு ஆழமான மனிதர் என்ற பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறது. இன்னொன்று கட்டிலுக்கடியில் சூட்கேஸ்களோடு படுத்திருக்கிறது. இத்தனைக்கும் ஒரு புகார் வந்ததில்லை. சேவியர் பார்த்துக் கொடுத்தால் தப்பே இருக்காது என்று ஊரே சொன்னது. அவரும் அதை நம்பினார். களைப்பாக இருந்தாலும் நம்புவதற்கு நன்றாகத்தான் இருந்தது.

இவ்வளவு பேருக்குத் தேடிக் கொடுத்தவரிடம் சொந்தமாக ஒன்றும் கிடையாது. தாபோடி மாதா கோயிலின் தமிழ்ப் பூசையில் இருபத்திரண்டு வருடமாக பேஸ் கிட்டார் வாசிக்கிறார். நாலு கம்பி, அடியில் நின்று தூக்கும் வேலை. தூக்கும்போது யாருக்கும் தெரியாது, நின்றுபோனால்தான் தெரியும் என்று சேவியர் நம்பியிருந்தார். அந்தக் கருவி டிப்போ சிநேகிதர் ஒருவருடையது. பிப்ரவரியில் சிநேகிதருக்கு ஜபல்பூருக்கு மாற்றல் வந்தது. கேஸ் சிலிண்டர், பீரோ, பேஸ் கிட்டார் மூன்றும் ஒரே லாரியில் போயின.

அடுத்த ஞாயிறு சேவியர் வெறும் கையோடு நின்றார். கீபோர்டு வாசிக்கும் ஜோஷுவா, விமான் நகரில் ஐ.டி. வேலை பார்க்கும் பையன், மிகவும் பணிவானவன், அந்த அடிச்சுரங்களைத் தன் இடது கையாலேயே வாசித்துவிட்டான். பூசை நன்றாகவே நடந்தது. அதுதான் சேவியருக்குப் பிடிக்கவில்லை. முடிந்ததும் பாதிரியார் தோளில் கைவைத்து, குருத்து ஞாயிறுக்குள் ஒரு கருவிக்கு ஏற்பாடு செய்யுங்கள், கிடைக்காவிட்டால் பரவாயில்லை, தம்பியே இடது கையில் சமாளித்துக்கொள்வான், நீங்களும் வயதான காலத்தில் குடும்பத்தோடு பெஞ்சில் உட்காரலாமே என்றார். கருணையோடு சொன்னார். பெஞ்சில் உட்காருவதைப் பற்றி இவ்வளவு பயங்கரமாக யாரும் சேவியரிடம் பேசியதில்லை.

ஆறு வாரம் இருந்தது. சேவியர் களத்தில் இறங்கினார். பழைய சாமான் விற்கும் இணையதளங்களை டிப்போ டெண்டர்போல் வாசித்தார். முதல் சனிக்கிழமை பார்த்ததற்குக் கழுத்து வளைவு. அடுத்ததற்கு, கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் பட்டைகளில் தேய்மானம். மூன்றாவதில் குமிழைத் திருகினால் பொரிகடலை வறுக்கிற சத்தம். நான்காவது எல்லாம் சரி. எல்லாம் சரியாக இருப்பதே சந்தேகத்தைத் தந்ததால் நிராகரித்தார். ஐந்தாவது சனிக்கிழமை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது மனைவி ஸ்டெல்லா முகத்தைப் பார்த்தே முடிவைத் தெரிந்துகொண்டாள்.

"ஊர்க்காரனுக்கெல்லாம் பத்து நிமிஷத்துல பார்த்து முடிச்சிருதிய. நமக்குன்னா மட்டும் பொண்ணு பார்க்கப் போன மாப்பிள்ள வீட்டுக்காரன் மாதிரி நொட்ட சொல்லிக்கிட்டு வாரிய," என்றாள்.

சொந்த உபயோகத்துக்கு என்பதால் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது என்று சேவியர் விளக்கினார்.

"அப்ப மத்தவங்க காசு என்ன, தெருவுல கெடந்ததா?" என்று கேட்டுவிட்டு ஸ்டெல்லா குக்கரை இறக்கப் போனாள்.

குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, ஒரே ஒரு விளம்பரம் மிச்சமிருந்தது. விமான் நகர். பேஸ் கிட்டார், மூன்று வருடம் பழையது, 'கை படாதது', ஒன்பதாயிரம். புகைப்படத்தில் கிட்டாரைவிட அதன் மேல் உலர்ந்த துண்டுதான் தெளிவாக இருந்தது. லோக்கல் ரயில், பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ என்று மாறி சேவியர் பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது முட்டி வலித்தது.

கதவைத் திறந்தவள் ப்ரீதி, கோயமுத்தூர்ப் பெண். வீட்டுக்காரர் உள்ளே ஆபீஸ் காலில் இருக்கிறார், நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள் என்று சொல்லி காப்பி கொண்டுவந்தாள். சர்க்கரை இருந்தது. சேவியர் கருவியை மடியில் வைத்து, டார்ச் அடித்து, தகடு நுழைத்து, முக்கால் மணி நேரம் சோதித்தார். பிறகு விலை பேசுவதற்கு முன் எப்போதும் செய்கிறபடி குறைகளை வாசித்தார். கழுத்தில் லேசான வளைவு. இரண்டு ஃப்ரெட் விளிம்பு கையைக் கீறுகிறது. வயர் மாட்டும் துளை ஆடுகிறது. இப்படிப் பத்து. பதினோராவது பெரியது: மெல்லிய கம்பியில் ஐந்தாவது கட்டத்தில் சுரம் எழுந்த உடனே செத்துவிடுகிறது. மரத்திலேயே இருக்கும் கோளாறு, எந்த மெக்கானிக்காலும் திருத்த முடியாது.

ப்ரீதிக்கு முகம் சுருங்கிவிட்டது. போனை எடுத்து எதையோ தேடினாள்.

"இல்லீங்ணா, அப்படி இருக்காதுங்க. வாங்கறப்பவே பெரிய ஆளை வெச்சுப் பார்த்துத்தானுங்க எடுத்தாங்க. எனக்குக்கூட ஃபார்வர்ட் பண்ணியிருந்தாரு, பாருங்க," என்று சொல்லி வாசித்தாள்: "கழுத்து நேர். விளிம்பு சுத்தம். பன்னிரண்டு சுரமும் சரி. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஏற்கலாம்."

சேவியருக்கு அந்த நடை பரிச்சயமாக இருந்தது. முற்றுப்புள்ளி வைத்த விதம்கூட.

அந்நேரம் பார்த்து உள்ளறைக் கதவு திறந்தது. காதில் ஹெட்போனோடு வந்த அவள் கணவன் பத்ரி, "அரே, சேவியர் அங்கிள்! நீங்களா வந்திருக்கீங்க?" என்றான்.

இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. மூன்று வருடத்துக்கு முன் புனே கேம்ப் பகுதியில் ஒரு கடை. சென்னையிலிருந்து புதிதாக வந்த பையன். வார இறுதியில் பேண்டு ஆரம்பிக்கப் போவதாகச் சொன்னான். அன்றைக்குச் சேவியருக்கு நாலு மணிக்குப் பிம்ப்ரியில் இன்னொரு கிட்டார் இருந்தது. பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தார். கிட்டார்களை அவர் மறந்ததில்லை என்று பெருமையடித்துக்கொள்வார். இதை மறந்திருந்தார், ஏனென்றால் சரியாகப் பார்க்கவேயில்லை.

ப்ரீதி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "அப்ப இந்தக் குறையெல்லாம் இப்பத்தான் வந்துச்சுங்களாண்ணா?"

பொய் சொல்ல வசதியான இடம்தான். பழியைப் புனேயின் மழைக்காலத்தின் மேல் போட்டால் மழைக்காலம் மறுத்துப் பேசாது. சேவியர் டார்ச்சை அணைத்துப் பைக்குள் வைத்தார்.

"இல்லம்மா. அப்பவே இருந்திருக்கும். இவரு இதை வாசிக்கப் போறதில்லைன்னு நெனச்சு விட்டுட்டேன்."

பத்ரி கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "கரெக்டாத்தான் அங்கிள் கணிச்சிருக்கீங்க," என்றான்.

அந்தப் பதிலோடு நாற்பத்தோரு 'ஏற்கலாம்'களும் சேவியரின் தலையில் ஒன்றாக வந்து விழுந்தன. துப்பட்டா தாங்குவது, வீடியோ காலில் தொங்குவது, சூட்கேஸோடு தூங்குவது. புகார் வராததற்குக் காரணம் அவர் கண் இல்லை. வாசித்தவர்கள் இல்லை, அதுதான். இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக ஒரு சரக்கு அவரைப் புரட்டிப் பார்த்துக் குறை எழுதியது.

குறைகளைச் சொல்லிவிட்டீர்களே, ஏழுக்குத் தரட்டுமா என்று ப்ரீதி கேட்டாள். வேண்டாம் என்றார். ஒன்பதாயிரத்தை முழுதாகக் கொடுத்தார். தன் அறிக்கைக்கு எதிராகத் தானே பேரம் பேச அவருக்குத் தெம்பில்லை. பிம்ப்ரி தாண்டி லோக்கலில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும், பழக்கத்தில் கைபேசியில் அறிக்கை எழுத ஆரம்பித்து, பதினோரு குறையையும் வரிசையாகத் தட்டினார். கடைசி வரியில் கொஞ்ச நேரம் விரல் நின்றது. பிறகு, மேஜையில் மை ஏறாமல் கிடக்கும் அந்த மூன்றாவது முத்திரையின் வாசகத்தை எழுதி, அனுப்ப வேறு ஆள் இல்லாததால் ஸ்டெல்லாவுக்கே அனுப்பினார். 'முட்டை வாங்கிட்டு வாங்க' என்று பதில் வந்தது.

மறுநாள் தாபோடி கோயிலில் ஓலை அசைத்துக்கொண்டு கூட்டம் உள்ளே வந்தது. சேவியர் தன் பழைய இடத்தில், தூணுக்குப் பக்கத்தில், நின்றார். ஆடும் துளையில் வயரைச் செருகிப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். செத்த சுரம் வரும் இடமெல்லாம் விரலை அங்கே வைக்காமல், பக்கத்துக் கம்பியில் பத்தாவது கட்டம் வரை ஓடிப் போய் அதே சுரத்தை எடுத்து வந்தார். அதிக தூரம். மூன்றாவது பாட்டுக்குள் மணிக்கட்டு ஓய்ந்துபோனது. இரண்டு தடவை தாமதமாகவும் போய்ச் சேர்ந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜோஷுவா மட்டும் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தான். பிறகு கீபோர்டிலிருந்து இடது கையை எடுத்தான். அதற்கு என்ன வேலை கொடுப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. சற்று நேரம் அந்தரத்தில் வைத்திருந்துவிட்டு, பாட்டுப் புத்தகம் காற்றில் புரளாமல் பிடித்துக்கொள்ள விட்டான்.