எடுக்கக்கூடாத போன்

போன வாரம் ஒரு போன் வந்தது. எடுக்கக்கூடாத போன். எடுத்துவிட்டேன்!

பாதிப் பேர் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெளியூர் போய்ச் சேர்ந்தவர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டு நம்பரைச் சுழற்றுவார். மணி இரண்டு மூன்று தடவை அடித்ததும் வைத்துவிடுவார். 'வந்து சேர்ந்தாச்சு' என்று அர்த்தம். மீட்டரும் ஓடாது. ஒரே ஒரு விதி — இந்தப் பக்கம் யாரும் ரிசீவரைத் தொடக்கூடாது.

என் மகள் சுதா காலேஜ் லீவுக்கு மேட்டூரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். மைசூரிலிருந்து கொள்ளேகால், மாதேஸ்வரன் மலை, பாலாறு வழியாக பஸ். ஆள் கடத்துகிற கொள்ளைக்காரன் ஒளிந்திருக்கும் காட்டுப் பாதை. பேப்பர் படிக்கிறவர்களுக்கு அந்தக் காட்டைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்?

"தனியா போக வேண்டாம்டி" என்றேன்.

"பஸ் நிறைய ஆள் இருப்பாங்கம்மா. அது எப்படித் தனியா?" கேட்டுவிட்டு ஏறிவிட்டாள்.

மதியம் ரேடியோவில் சொன்னார்கள் — பாலாறு செக்போஸ்ட்டில் வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். ஏன் என்று சொல்லவில்லை. காரணம் சொல்லாத செய்தியைவிட மோசமான செய்தி உண்டா?

எங்கள் வீட்டில் போன் இல்லை. பக்கத்து வீட்டு ஜோசப் அண்ணன் நம்பர்தான் எங்கள் நம்பரும். என் கணவருக்கு ஃபேக்டரியில் செகண்ட் ஷிஃப்ட். நான்தான் ஓடிப்போய், அண்ணன் வீட்டு வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே நுழைந்தேன். அண்ணன் மனைவி லில்லி அக்கா வீட்டுக்குள் செருப்போடு யாரும் நுழைய முடியாது — கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர்கூட! போன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

மணி அடித்தது. முதல் மணி முழுசாக அடித்து முடிவதற்குள் ரிசீவர் என் காதில்!

"ஹலோ... சுதா? ஹலோ...?"

கட்.

அவளா? ராங் நம்பரா? அவளே என்றாலும் எங்கிருந்து? மேட்டூரிலிருந்தா, நடுவழியிலிருந்தா? ஒன்றும் தெரியவில்லை. வந்த ஒரே சேதியையும் நானே பாழாக்கிவிட்டேன்.

"என்ன தங்கச்சி, இப்படியா அலறுவே? போன் மயக்கம் போட்டு விழுந்துடுச்சு பாரு" என்றார் ஜோசப் அண்ணன். ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர். எதையும் கிண்டலாகப் பார்க்கிற மனிதர்.

"சும்மாயிருங்க நீங்க. பெத்தவ இங்கே தவிச்சுட்டிருக்கா" என்று அதட்டினார் லில்லி அக்கா.

அண்ணன் சும்மா இருந்தால்தானே? நடுவில் ஒருமுறை உள்ளே போய்விட்டு வந்தார். நாற்காலிக்கு அடியில் காலை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

"அந்த பஸ்ஸை எவனாவது மறிச்சான்னு வை... நம்ம சுதா விடாம பேசியே அவனைக் கொன்னுடுவா. 'தாயே, ஆளை விடு'ன்னு அவனே டீசல் போட்டு அனுப்பி வைப்பான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. பெண் காட்டில் இருக்கிறாள், இவருக்கு ஜோக்கா? சொந்தப் பெண்ணாக இருந்தால் இப்படிப் பேசுவாரா?

வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. மறுபடி மணி!

நான் பாய்ந்தேன். லில்லி அக்கா என் தோளைப் பிடித்து இழுத்தார். "கையைக் கட்டு!" — கிளாஸ் ரூம் குரலில் அதட்டினார் அண்ணன். ஸ்கூல் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டேன்.

அடித்தது... அடித்தது... நின்றது.

எடுக்காத போனைச் சுற்றி மூன்று பேர் நின்றுகொண்டு அப்படிச் சிரித்ததை யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ!

(மறுநாள் தங்கை போன் செய்து விவரம் சொன்னாள். செக்போஸ்ட்டில் நிறுத்தி, சோதனை போட்டு அனுப்பிவிட்டார்களாம். முதல் போனும் சுதாதான், மேட்டூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து. "யாரோ எடுத்துட்டாங்க சித்தி, தெரிஞ்சிருக்கும்" என்றிருக்கிறாள். "எடுத்தது உங்கம்மா. அதனாலதான்டி தெரிஞ்சிருக்காது! போய் மறுபடி அடிச்சுட்டு வா" என்று துரத்தியிருக்கிறாள் தங்கை.)

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோதுதான் கவனித்தேன். ஜோசப் அண்ணன் காலில் ஷூ. லேஸ் கட்டிய கறுப்பு ஷூ. அதற்கு மேலே லுங்கி. லுங்கிக்கும் ஷூவுக்கும் நடுவே... பேண்ட்!

"என்னண்ணா இது?"

அவர் லுங்கியைக் கீழே இழுத்துவிட்டார். லில்லி அக்காதான் சொன்னார்: "இருட்டறதுக்குள்ள போன் வரலைன்னா கொள்ளேகால் பஸ் பிடிக்கிறதுன்னு ரெடியாகிட்டாரு. உனக்குத் தெரிஞ்சா பயந்துடுவேன்னு மேலே லுங்கியைச் சுத்திக்கிட்டாரு."

சொல்லிக்கொண்டே, அண்ணன் வழியில் சாப்பிடக் கட்டி வைத்திருந்த சப்பாத்திப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கு ஒரு தட்டில் வைத்தார். நடு வீட்டில் ஷூ நிற்கிறது... அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சிரிக்க வைக்கிறவர்களுக்குப் பயமே கிடையாது என்று இத்தனை வயது வரை நினைத்திருந்தேன். அப்படியில்லை. நம் பயத்தோடு தன் பயத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு, அதற்கு மேலே ஒரு லுங்கியைச் சுற்றிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான்.

வருகிற ஞாயிறு சுதா அதே வழியில் திரும்ப வேண்டும். என் மனசு இப்போதே போய் அந்த செக்போஸ்ட்டில் நின்றுகொண்டிருக்கிறது.

நேற்றும் ஜோசப் அண்ணன் ஏதோ ஜோக் சொன்னார். சிரிப்பதற்கு முன்னால் அவர் காலைப் பார்த்துக்கொண்டேன்!